பாலாடை: மருத்துவமனைப் பையில் முதலில் வைக்க வேண்டிய எவர்சில்வர் கிண்ணம்

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும்போது, எந்தப் பால்புட்டியை வாங்குவது என்ற கேள்விதான் பெரும்பாலும் முன்னால் வருகிறது. எந்த நிப்பிள் மென்மையானது, எது வயிற்றில் காற்றைச் சேர்க்காது, ஆவியில் கிருமி நீக்கும் சாதனம் தேவையா என்று பேச்சு நீள்கிறது. அந்தப் பட்டியல்களில் அபூர்வமாகவே இடம்பெறும் ஒரு பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை. பாத்திரக் கடையில் 100 ரூபாய் அளவில் கிடைக்கும் எவர்சில்வர் பாலாடை, என் மகள் பிறந்த முதல் சில வாரங்களில், நான் வாங்கிக் குவித்த மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கைகொடுத்தது. அதே பாலாடை தவறான கையில் தீங்கும் செய்யும் என்பதால், வாங்கும் முறையைக் காட்டிலும் புகட்டும் முறையைப் பற்றியே இங்கே கூடுதலாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணம் இது, அகல் விளக்கைப் போல ஒரு பக்கம் மூக்கு நீண்டு குறுகியிருக்கும். சில வீடுகளில் சங்கு என்பார்கள். கும்பகோணத்தில் பெரிய கடைத் தெருவுக்குப் போனால் ஒரே கடையில் பல வகை எடுத்துப் போடுவார்கள். நான் பார்த்தவற்றில், ஒரே தகட்டில் அழுத்திச் செய்ததே நல்லது. பிடியையும் மூக்கையும் தனியாகப் பற்றவைத்தவற்றில் அந்த இணைப்பு மடிப்புக்குள் பால் தங்கிவிடுகிறது. கடையிலேயே மூக்கின் விளிம்பைச் சுற்றிச் சுட்டுவிரலை ஓட்டிப் பாருங்கள். பிறகு புடவை முந்தானையையோ கைக்குட்டையையோ அதன்மேல் இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் சிக்கினாலும் அதை வைத்துவிட வேண்டும், ஏனெனில் அந்த விளிம்பு உட்காரப்போவது பிறந்த குழந்தையின் உதட்டில். உட்புறத்தில் 5 மில்லி, 10 மில்லி என்று கோடு போட்டவை கிடைத்தால் அவற்றையே எடுக்கலாம். பிளாஸ்டிக்கில் வருபவை கொதிக்க வைக்க வைக்க மங்கிக் கீறல் விழுகின்றன. தாய்மாமன் சீராக வரும் வெள்ளிப் பாலாடை கண்ணுக்கு அழகுதான். ஆனால் அதில் பூ வேலைப்பாடு இருந்தால் அந்தக் கோடுகளுக்குள் சேரும் பால் திட்டைத் தேய்த்து எடுப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

முழு மாதத்தில் பிறந்து, பிறந்த உடனே மார்பைப் பற்றிக் குடிக்கும் குழந்தைக்குப் பாலாடை தேவையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேவைப்படுவது, சற்று முன்னதாகப் பிறந்த குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலையால் ஒளிச்சிகிச்சை விளக்கின் கீழ் படுத்துத் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கும், தாயின் உடல்நிலையால் சிறிது நேரம் பிரிந்திருக்க நேரும் குழந்தைக்கும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒத்திசைவாகச் செய்யும் திறன் கருவில் ஏறக்குறைய 34 வாரங்களில்தான் முதிர்கிறது. அதற்கு ஓரிரு வாரங்கள் முன் பிறந்த குழந்தைக்கு விழுங்கத் தெரியும், மார்பில் இழுத்துக் குடிக்கப் பலம் போதாது. அந்த இடைவெளியில்தான் நம் நாட்டுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பாலாடையும் கரண்டியும் பயன்படுகின்றன. அதற்கும் முந்திப் பிறந்தவர்களுக்குக் குழாய் வழியாகத்தான் பால் போகும். ஆகவே, எந்தக் குழந்தைக்கு எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டுமே தவிர, பாட்டியோ வாட்ஸ்அப் குழுவோ முடிவு செய்யக் கூடாது.

என் மகள் நாள் நிறைவதற்குச் சற்று முன்னதாகப் பிறந்தாள். மார்பில் வைத்ததும் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். பிரிவில் இருந்த மூத்த செவிலியர் ஒருவர், குழந்தையை என் மடியில் பாதி நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்துக்கும் தலைக்கும் உள்ளங்கையை முட்டுக் கொடுத்து, கையிரண்டும் பாலைத் தட்டிவிடாதபடி துணியில் சுற்றி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைக்கச் சொன்னார். நான் பதற்றத்தில் சட்டென்று சாய்க்கப் போனேன். "மெதுவா சாய்ம்மா, ரெண்டு சொட்டு போதும். முழுங்கிட்டாளான்னு தொண்டையப் பாரு, அப்புறம் அடுத்தது குடு" என்றார். பாலாடையைப் பற்றி அறிய வேண்டியவற்றில் முக்கால்வாசி அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியிருக்கக் கூடாது. குழந்தை விழித்திருக்க வேண்டும். பால் கடைவாய் ஓரத்தில் சிறிது சிறிதாக இறங்க வேண்டும். விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த சாய்ப்பு. குழந்தை வாயை மூடிக்கொண்டால் உள்ளங்காலை மெல்ல வருடி எழுப்பிப் பார்க்கலாம்; அப்போதும் விழுங்கவில்லை என்றால் அந்த வேளையை அத்தோடு நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வது எல்லோரும் அறிந்ததே.

பாலாடையின் முழு அருமையும் தெரிவது சீம்பால் வரும் நாட்களில்தான். முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி வரைதான். இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30 மில்லி என்று படிப்படியாகக் கூடுகிறது. இந்தக் கணக்குத் தெரியாமல்தான் பிரசவ வார்டுகளில், "பாலே ஊறல, பவுடர் பால் வாங்கிட்டு வாங்க" என்று உறவினர்களை வெளியே அனுப்புகிறோம். சீம்பால் அளவில் குறைவு, பசை போல் கெட்டியானது. விலையுயர்ந்த பம்ப் ஒன்றால் எடுத்தால் பாதி அதன் குழாயிலும் வால்விலும் ஒட்டிக்கொண்டு போய்விடும். அதற்குப் பதிலாகக் கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாக, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் மார்பைப் பிடித்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரு பக்கமும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுப்பதாலோ தோலைத் தேய்ப்பதாலோ வலிதான் மிஞ்சும். மஞ்சள் நிறத்தில் சொட்டுச் சொட்டாக வருவதை நேராகப் பாலாடையிலேயே ஏந்தி, அப்படியே குழந்தைக்குப் புகட்டிவிடலாம். இடையில் வேறு பாத்திரம் கிடையாது, ஒரு சொட்டும் வீணாவதில்லை. வேறு எந்தக் குழந்தைப் பொருளும் இந்த வேலையை இவ்வளவு சுருக்கமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

இனி இதன் இருண்ட பக்கம். நம் வீடுகளில் பாலாடை எடுக்கப்படுவது பெரும்பாலும் தாய்ப்பாலுக்காக அன்று. பிறந்தவுடன் நாக்கில் தேனையோ இனிப்பையோ சேனை என்று தொட்டு வைப்பதற்கும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதற்கும், பிறகு உரைமருந்துக்கும் கிரைப் வாட்டருக்கும்தான் அது அலமாரியிலிருந்து இறங்குகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பல அரசு மருத்துவமனைச் சுவர்களிலும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் சொல்லித் தரும் சொட்டு மருந்துகள் இதில் விலக்கு. தேனைத் தொட்டு வைப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிச (நரம்பைத் தாக்கும் நச்சு நோய்) நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சு உண்டாக்கக்கூடும். எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, அழும் குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்ததும் பாலாடையைக் கவிழ்க்கும் பழக்கம். மூச்சுக்காகத் திறந்த வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? இதைச் செய்யும் பெரியவர்களிடம் அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் மருமகள் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து; "டாக்டர் திட்டுவாங்க அத்தை" என்று மருத்துவர் மேல் பழியைப் போட்டாவது தடுத்துவிட வேண்டும்.

புட்டியோடு ஒப்பிட்டால் பாலாடையின் முதல் பலம் சுத்தம். புட்டியில் கழுத்து, திருகு, வளையம், நிப்பிளின் உட்புறம் என்று பால் ஒளிந்துகொள்ள எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. பாலாடையில் கண்ணுக்கு மறைந்த மூலை ஒன்றுமில்லை. சோப்பு போட்டுத் தேய்த்து, மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தில் வைத்தால் போதும். தனியாகக் கருவி வாங்கத் தேவையில்லை. இரண்டாவது, மார்பைப் பற்றக் கற்றுக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தைக்குப் புட்டியைத் தவிர்த்துக் கிண்ணத்தால் புகட்டினால், முழுமையாகத் தாய்ப்பாலுக்கு மாறும் வாய்ப்புக் கூடுகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளையும் பால்புட்டிகளையும் பற்றிய இந்தியச் சட்டத்தின்படி, பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதே குற்றம். பவுடர் பால் டப்பாவில் குழந்தைப் படம் போடவும் கூடாது. டப்பா மேல் தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட்டிருப்பதும் இந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான்.

பம்பைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. பிரசவத்துக்கு முன்பே மின் பம்ப் வாங்கி வைக்காதீர்கள். மார்பில் பொருத்தும் புனல் 21, 24, 28 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் வருகிறது. காம்பின் விட்டத்துக்குப் பொருந்தாத புனல் எவ்வளவு விலையுயர்ந்த பம்பையும் சித்திரவதையாக்கிவிடும், அந்த அளவு பிரசவத்துக்குப் பிறகுதான் சரியாகத் தெரியும். சட்டப்படி 26 வார விடுப்பு கிடைப்பவர்கள் வேலைக்குத் திரும்பும் நேரத்தில் வாங்கினாலும் தாமதமாகாது. எடுத்த பாலை 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜில் 4 நாட்களும் வைக்கலாம் என்பது பொது விதி. நம் சித்திரை மாதத்து அறைகள் 25 டிகிரியை எங்கே பார்த்தன? எடுத்தவுடன் ஃப்ரிட்ஜுக்குள் போவதே சரி. ஃப்ரிட்ஜில் கொழுப்பு மேலே ஏடாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துக் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்; வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்க வைத்து மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய் வைத்து மீந்ததை 2 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. முதலாவது, சிந்தும். தாடை வழியாகக் கழுத்து மடிப்புக்குள் இறங்கும் பாலைத் துடைக்காமல் விட்டால் அங்கே தோல் சிவந்து புண்ணாகிவிடும். மார்பில் மடித்த வேட்டித் துணி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். சிந்தியதையும் குடித்ததாகக் கணக்குப் போட்டு ஏமாந்துவிடவும் கூடாது. எடை கூடுகிறதா, நாளுக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது என்பதைத்தான் நம்ப வேண்டும். இரண்டாவது, நேரம். ஒரு வேளைக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது, பொறுமை இல்லாத கைதான் அதிகமாகச் சாய்க்கிறது. ஆகவே வீட்டில் யார் யார் புகட்டப் போகிறார்களோ அத்தனை பேரும், கணவர் உட்பட, மருத்துவமனையில் இருக்கும்போதே செவிலியர் முன்னிலையில் ஒருமுறை புகட்டிக் காட்டிவிட வேண்டும். மூன்றாவது, பாலாடை வசதியாகப் பழகிவிட்டால் மார்பில் போடும் முயற்சி தளர்ந்துவிடும். ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பு, மீதிக்குத்தான் கிண்ணம் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கொதிக்கும்போது மற்றொன்று கையில் இருக்கும். குழந்தை மார்பில் நன்றாக இழுத்துக் குடித்து எடையும் ஏறத் தொடங்கியதும் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்திவிடலாம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் எடுத்து வைத்த பாலை, 6 மாதத்துக்குப் பிறகு குழந்தை உட்காரத் தொடங்கியதும், சின்ன எவர்சில்வர் டம்ளரிலேயே புகட்டப் பழக்கலாம்.