எச்எம்டி ஜனதாவா, ஹாமில்டன் காக்கியா?

இரண்டும் பக்கத்திலுள்ள குமிழைத் திருகிச் சாவி கொடுத்து ஓடுகிற வாட்ச்தான். இரண்டிலும் மெஷினின் தேய்மானத்தைக் குறைக்கும் 17 கல், மூன்று முள், தேதி கிடையாது. ஆனால் ஜனதா பழைய வாட்ச் விற்பவர்களிடம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும், ஹாமில்டன் காக்கி ஃபீல்ட் மெக்கானிக்கலுக்கு அரை லட்சத்தை ஒட்டி எடுத்துவைக்க வேண்டும். நடுவில் இருக்கிற பணத்துக்கு என்னதான் கிடைக்கிறது?

துல்லியமான நேரம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நன்றாகச் சர்வீஸ் செய்த ஜனதாவும் அன்றாட வேலைக்குப் போதுமான அளவு சரியாகவே ஓடும். மத்திய அரசு நிறுவனமான எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. ஜனதாவில் இருக்கும் 0231 மெஷினில் அந்தச் சிட்டிசன் வழி தெரியும். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் நிதானமாக எண்ணுகிற மாதிரி கேட்கும். ஹாமில்டனின் எச்-50 மெஷின் 21,600, விநாடிக்கு ஆறு.

பணம் முதலில் போவது ஸ்பிரிங்குக்கு. எச்-50 முழுச் சாவியில் 80 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். ஜனதாவுக்கு தினமும் காலையில், ஒரே நேரத்தில் சாவி கொடுப்பதுதான் நல்லது. எதுவானாலும் விரலுக்குத் தடை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் முறுக்கக் கூடாது.

நேரம் வைக்கும்போது இன்னொரு வித்தியாசம். ஹாமில்டனில் சாவிக் குமிழை இழுத்தால் விநாடி முள் நிற்கும். ஜனதாவில் நிற்காது. சாவியை இழுத்து, முள் போகும் திசைக்கு எதிராக மிக லேசாக அழுத்திப் பிடித்தால் விநாடி முள் தயங்கி நிற்கும், ரேடியோ மணியோடு ஒத்துப்போக அதுவே போதும். இதைத் தினசரி வழக்கமாக்க வேண்டாம்.

பணம் அடுத்து போவது தண்ணீருக்கும் கண்ணாடிக்கும். ஹாமில்டன் 50 மீட்டர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் அதன் சாவி மரை போட்டு மூடுவதல்ல. மழை, கை கழுவல், வியர்வை வரைக்கும் நம்பலாம். ஜனதாவோடு மழையில் நனைவதே ஆபத்து. ஈரம் உள்ளே போனால் முதலில் துருப்பிடிப்பது சாவித் தண்டு, பிறகு டயலில் புள்ளி விழும். கண்ணாடியில் மட்டும் ஜனதா சற்று ஜெயிக்கிறது. அதன் பிளாஸ்டிக் கண்ணாடியில் எளிதில் கீறல் விழும், ஆனால் பாலிஷ் பேஸ்ட் தேய்த்தால் போய்விடும். ஹாமில்டனின் சஃபையர் கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது. ஓரத்தில் பலமாக இடித்துச் சில்லு பெயர்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கையில் கட்டினால் இரண்டும் வேறு வேறு சுபாவம். ஜனதா சுமார் 35 மி.மீ., பட்டை 18 மி.மீ.; முழுக்கைச் சட்டைக்குள் சத்தமில்லாமல் போய்விடும், வேட்டி சட்டைக்கும் எடுப்பாக இருக்கும். ஹாமில்டன் 38 மி.மீ., பட்டை 20 மி.மீ. அமெரிக்கப் பட்டாளத்துக்குச் செய்த வாட்ச்களின் பரம்பரை அது: மங்கலான எஃகு, உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை எண்கள், இருட்டில் ஒளிரும் முட்கள். பட்டுச் சட்டைக்கு அது ஒட்டாது.

ஜனதாவில் உண்மையான தொல்லை, வாங்கும்போதுதான். எச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. அதனால் இன்று 'புதுசு' என்று வருவதில் பல, டயலுக்கு மறுபடி வர்ணம் அடித்து, கிடைத்த பாகங்களைச் சேர்த்தவை. முப்பது வருடப் பழசு என்று சொல்லிவிட்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பளபளக்கும் டயலைக் காட்டினால் நம்ப வேண்டாம். பத்து மடங்கு லென்ஸில் டயலில் உள்ள 'பாரா ஷாக்' (அதிர்ச்சி தாங்கும் என்று பொருள்) என்ற எழுத்தைப் பாருங்கள். ஓரம் கசிந்திருந்தாலோ, நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்கோட்டில் நிற்காவிட்டாலோ அது மறுவர்ணம். பாகத்துக்குப் பயம் வேண்டாம், எச்எம்டியின் இன்னொரு மாடலான பைலட்டிலும் இதே 0231தான். ஓடாத பைலட்டிலிருந்து எடுத்துப் போடுவது ரிப்பேர்காரர்களுக்குச் சாதாரணம்.

கடையிலேயே சாவி கொடுத்து, டயல் மேலே இருக்கும்படி கொஞ்ச நேரம், பிறகு சாவி கீழே பார்க்கும்படி செங்குத்தாகக் கொஞ்ச நேரம் வைத்துக் கேளுங்கள். செங்குத்தில் சத்தம் மெலிந்தால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், சர்வீஸ் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். மாறாக, நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் அது பெரும்பாலும் காந்தம் ஏறியதால்: ஹேர்ஸ்பிரிங் என்கிற மெல்லிய சுருள் வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போன் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்த ஹாமில்டனுக்கும் இது வரலாம். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி காட்டினாலே சரியாகிவிடும், பிரித்துப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.