மட்டிப்பழ அறையில் இரண்டரை வருடம்: ஒரு மின்மூக்கு அனுபவம்

"மக்கா, உன் மூக்குக்குத் தடுமம் பிடிச்சிருக்கு."

தக்கலைப் பக்கம் வாழைக்குலை மொத்த வியாபாரம் பார்க்கும் என் அத்தான், முதல் ஜூன் மாதம், நான் செய்த மின்மூக்கை, அதாவது வாசனையை அளக்கும் கருவியைப் பார்த்துக் கிண்டலாகச் சொன்னது இது. கோளாறு உண்மையிலேயே அதுதான் என்று எனக்குப் புரிய ஐப்பசி மழை வரவேண்டியிருந்தது.

மட்டி என்ற வாழை வகையின் குலை பழுக்கும்போது நிறத்துக்கு முன்னால் வாசம் வந்துவிடும். அத்தான் அறைக்கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தாலே போதும், நாளைக்கா மறுநாளா என்று சொல்லிவிடுவார். அவர் ஊரில் இல்லாத நாட்களுக்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தேன். 5 லிட்டர் எவர்சில்வர் தூக்குவாளி, சின்ன விசிறி ஒன்று, உள்ளே நான்கு வாயு சென்சார்கள்: எம்கியூ-3, எம்கியூ-135, டிஜிஎஸ் 2602, டிஜிஎஸ் 2620. டிஜிஎஸ் என்பதில் முதல் எழுத்து தகுச்சியைக் குறிக்கும். 1962இல் இந்த வகைக்குக் காப்புரிமை கேட்ட ஜப்பானியர் நவோயோஷி தகுச்சி.

வேலை செய்யும் விதம் எளிது. சென்சாருக்குள் இருக்கும் டின் ஆக்சைடைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆல்கஹால் போன்ற வாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறையும். சிக்கல் என்னவென்றால், நீராவி பட்டாலும் மின்தடை குறையும். மழை நாளில் காய் எல்லாம் பழுத்துவிட்டதாகக் கருவி சொன்னது. அதை நம்பி எடுத்த ஒரு லோடு பச்சையாகவே சந்தைக்குப் போனது. அன்றைய பேச்சை இங்கே எழுத முடியாது.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. டிரிஃப்ட் (நாளாக நாளாகச் சென்சாரின் அளவு தானாக நகர்வது), டிரிஃப்ட் என்று நான் திட்டிக்கொண்டிருந்ததில் பாதி ஈரப்பதம்தான். ஈரப்பதமானி ஒன்றைச் சேர்த்து, காலி அறையில் மழைக்கும் வெயிலுக்கும் தனித்தனியாக அளவெடுத்துக் கழித்த பிறகு கோடு கொஞ்சம் அடங்கியது. மீதியில் ஒரு பங்கு மலிவு சார்ஜருடையது. 5 வோல்ட் என்று போட்டிருந்ததில் மீட்டர் வைத்தால் 4.6 காட்டியது. ஹீட்டருக்கு வோல்ட் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் பேச்சே மாறிவிடும். அப்புறம் தினமும் மாலை 6 மணிக்குக் கிராஃபில் ஒரு மலை எழும்பும். அது அத்தானின் ஊதுபத்தி.

இதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சியது நிஜமான டிரிஃப்ட். ஆய்வகத்துக்காரர்களும் இதில் தப்பவில்லை. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 16 சென்சார்களை வைத்து 36 மாத அளவீடுகள் எடுத்தார்கள். 6 வாயுக்கள், 13,910 பதிவுகள். என்னிடமுள்ள 2602, 2620 இரண்டும் அந்த வரிசையில் உண்டு. முதல் மாதங்களின் பதிவுகளை மட்டும் வைத்துப் பழக்கிய கணக்கு, பிந்தைய மாதங்களில் வாயுக்களை மாற்றி மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடும். அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வது: தினமும் சுத்தமான காற்றில் அளவெடுத்து, மற்ற அளவுகளை அதனால் வகுப்பது. வீட்டுச் சிரட்டைக்கரியில் காற்றை வடிகட்டிப் பார்த்தேன். கரியே புகை நாற்றம் அடித்தது. மீன்தொட்டிக் கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் சரிப்பட்டது. கடந்த சில நாட்களின் மிகச் சுத்தமான நேரத்தைத் தானே கண்டுபிடித்து அடிக்கோடாக (வெறும் காற்றுக்கான அளவாக) வைத்துக்கொள்ளும் மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். பழ அறையில் சுத்தமான நேரம் என்று ஒன்று ஏது? ஒரே வாரத்தில் அது மட்டிவாசத்தையே வெறும் காற்று என்று பழகிக்கொண்டது.

பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. வாளி மூடியில் காற்று கசிகிறது என்று சிலிகோன் பசை பூசினேன். காடி மாதிரி வாசம் வந்தது, காய்ந்ததும் போய்விட்டது. காலை அடிக்கோடு எப்போதும் போலவே இருந்தது. ஆனால் பழுத்த குலையை உள்ளே வைத்தாலும் 2602 அசையவில்லை. சிலிகோன் ஆவி அந்தச் சூட்டில் சிலிக்காவாகி, சென்சார் பரப்பை மூடிவிடுகிறது. மூடிய பரப்பு திரும்பத் திறக்காது. சுத்தமான காற்றை மட்டும் வைத்துச் சோதித்தால் செத்த சென்சாரும் உயிரோடு இருப்பதுபோலவே காட்டும்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை தெரிந்த வாசனை ஒன்றைக் காட்டுகிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் 9 பங்கு. இன்சுலின் சிரிஞ்சில் 100 யூனிட் வகையில் ஒரு யூனிட், அதாவது 10 மைக்ரோலிட்டர், வாளிக்குள் ஒரு கண்ணாடித்துண்டில் விடுவேன். முழுதும் ஆவியானால் 60 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 60 பங்கு) பக்கம் வரும். வெறும் காற்றுக்கு ஒரு எண், இந்தத் துளிக்கு ஒரு எண். இரண்டையும் வைத்துத்தான் அந்த வார அளவுகளைத் திருத்துகிறேன். பெரிய கணிதம் எதுவும் இல்லை. எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான்.

எம்கியூ இரண்டும் சீக்கிரம் நகர்கின்றன, சூடாக்க மின்சாரமும் அதிகம் குடிக்கின்றன. புதிதாகச் செய்பவர்கள் டிஜிஎஸ் இரண்டை மட்டும் வாங்கினாலே போதும் என்பேன். கரண்ட் போனால் அடிக்கோடு நிலைக்குத் திரும்ப மணிக்கணக்கில் ஆகும், அதனால் ஒரு குட்டி யுபிஎஸ் கட்டாயம்.

புது 2602 இப்போது இரண்டு நாளாகச் சூடேறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்தக் கூடாது என்று எழுதி மேசையில் ஒட்டினேன். அத்தான் அந்தக் காகிதத்தின் மேலேயே ஊதுபத்தி ஸ்டாண்டை வைத்திருக்கிறார்.