பாட்டு முதலில், பாடகர் பிறகு: டேவ் க்ரோலின் ‘ப்ரோபாட்’

மெட்டல், அதாவது ராக் இசையின் கனத்த, இரைச்சலான வகை, அதில் ட்ரிப்யூட் (காணிக்கை) ஆல்பம் என்றாலே நான் கொஞ்சம் தள்ளி நிற்பவன். பழைய பாட்டை எடுத்து, கிட்டாரை இன்னும் தடிமனாக்கி, அசலில் இருந்த உயிரை உருவிவிட்டுத் தருவார்கள். 2004 பிப்ரவரியில் வந்த ‘ப்ரோபாட்’ அந்த ரகம் இல்லை. இதில் பழைய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் புதிது. பாடுகிறவர்கள் மட்டும் எண்பதுகளின் மெட்டலைத் தோளில் சுமந்தவர்கள்.

நிர்வாணாவில் ட்ரம்ஸ் வாசித்து, அப்புறம் ஃபூ ஃபைட்டர்ஸ் தொடங்கிய டேவ் க்ரோல், வர்ஜீனியாவில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த ஸ்டூடியோவில் பொழுதுபோக்காக ஆரம்பித்த வேலை இது. கூட இருந்து பதிவு செய்தவர் ஆடம் காஸ்பர். கிட்டார், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ் பெரும்பாலும் க்ரோலே. குரல் இல்லாத பாட்டுகள் கையில் சேர்ந்த பிறகுதான் யார் பாடுவது என்ற கேள்வியே வந்தது. சின்ன வயதில் தான் உயிரை விட்டுக் கேட்ட பாடகர்களுக்கே டேப்பை அனுப்பினார். வரிகளை அவரவரே எழுதிக்கொண்டார்கள்.

வந்த புதிதில் விமர்சனங்கள் பெரும்பாலும் நல்லபடியாகவே இருந்தன. குறை சொன்னவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: ஒவ்வொரு பாட்டும் அந்தந்தப் பாடகரின் சொந்த இசைக்குழு மாதிரியே ஒலிக்கிறது, இதில் க்ரோல் எங்கே? நான் கல்யாண மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கிறவன், அதனால் இந்தக் குற்றச்சாட்டு எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. எங்கள் மேடையில் பாட்டு அசல், குரல் நகல். இங்கே அப்படியே தலைகீழ். குரல் அசல், அதைச் சுற்றியுள்ள இசைதான் ரசிகனின் நகல். அந்த நகல் எவ்வளவு சுத்தம் என்பதுதான் இந்த ஆல்பத்தை எடைபோட வேண்டிய இடம். க்ரோல் எங்கே என்று கேட்டவர்கள் ட்ரம்ஸைச் சரியாகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

‘ஷேக் யுவர் ப்ளட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டர்ஹெட்டின் லெம்மி பாடுகிறார், பேஸும் அவரே. லெம்மியின் பேஸ் கீழே அடங்கி உட்காரும் பேஸ் இல்லை. கிட்டாருக்கு உள்ள இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரகரக்கும். அது நுழைந்துவிட்டால் ட்ரம்மருக்கு இரண்டே வழி: மல்லுக்கட்டலாம், அல்லது ஒதுங்கி நேர்க்கோட்டில் ஓடலாம். க்ரோல் இரண்டாவதைச் செய்கிறார். வித்தை காட்டும் ஆசையே இல்லாமல், பழைய ராக் அண்ட் ரோல் தாளத்தைப் பலமாகப் போட்டு, ஸ்நேர் ட்ரம்மின் அடி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும்படி பார்த்துக்கொள்கிறார். மூன்றே நிமிடப் பாட்டு. மோட்டர்ஹெட் ஆல்பம் எதில் வைத்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். (அந்த மோட்டர்ஹெட்டுக்கு 2005-இல் கிராமி கிடைத்தது ஒரு ட்ரிப்யூட் ஆல்பத்துக்காக மெட்டாலிகாவின் ‘விப்லாஷ்’ பாட்டைப் பாடியதற்காக! ட்ரிப்யூட்டுக்கும் அவர்களுக்கும் அப்படி ஒரு ராசி.)

எனக்கு இதைவிடப் பிடித்தவை மெதுவான பாட்டுகள். கதீட்ரல் குழுவின் லீ டோரியன் பாடும் ‘ஐஸ் கோல்ட் மேன்’ ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சவுண்ட்கார்டனின் கிம் தயில் இதில் கிட்டார் வாசிக்கிறார். டூம் மெட்டலில், அதாவது மெதுவாக, கனமாக நகரும் இந்த வகையில், ட்ரம்ஸ் வாசிப்பது வேகத்தில் வாசிப்பதைவிடக் கஷ்டம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இவ்வளவு இடம் கிடக்கும்போது கை சும்மா இருக்காது, எதையாவது போட்டு நிரப்பச் சொல்லும். க்ரோல் அந்த இடத்தை விட்டு வைக்கிறார். சிம்பல் ஒலி ஓயும் வரை காத்திருந்து அடுத்த அடியை இறக்குகிறார். ட்ரபிள் குழுவின் எரிக் வாக்னர் பாடிய ‘மை டார்ச்சர்ட் சோல்’, பாடகர் வைனோவின் ‘தி எமரால்ட் லா’ இரண்டும் இதே வரிசை. வைனோ மேரிலாண்ட்காரர், க்ரோல் வளர்ந்தது பக்கத்து வர்ஜீனியாவில். அந்தப் பாட்டில் உள்ளூர் அண்ணனோடு வாசிக்கும் பையனின் சந்தோஷம் தெரிகிறது.

சரி, சறுக்கல்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ‘ஆக்சஸ் பாபிலோன்’ ஹார்ட்கோர் பங்க் வேகத்தில் வந்து போகிறது, மனதில் நிற்பதில்லை. டி.ஆர்.ஐ. குழுவின் கர்ட் ப்ரெக்ட் பாடும் ‘சைலண்ட் ஸ்பிரிங்’கும் எனக்கு அப்படித்தான். வாய்வாட் குழுவின் பாடகர் ஸ்நேக்குக்குக் கொடுத்த ‘டிக்டேட்டோசாரஸ்’ இன்னொரு சிக்கல். வாய்வாடின் விசித்திரம் பாதிக்கு மேல் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பிக்கியின் கோணல் வாசிப்பில் இருந்தது. அந்தக் கோணல் பக்கத்தில் வரை க்ரோல் போகிறார், பிடிபடவில்லை. முதல் பாட்டான ‘செஞ்சுரீஸ் ஆஃப் சின்’னில் வெனம் குழுவின் க்ரோனோஸ் உறுமுகிறார், பேஸும் வாசிக்கிறார். ஆனால் வெனம் என்றால் அந்தக் கலங்கல் ஒலி வேண்டாமா? 1982-இல் வந்து ஒரு மெட்டல் வகைக்கே பெயர் கொடுத்த ‘ப்ளாக் மெட்டல்’ ஆல்பத்தில் அழுக்குதான் பாதி அழகு. இங்கே எல்லாம் கழுவித் துடைத்து வைத்த மாதிரி தெளிவு. ஆல்பம் முழுவதற்குமே என் பெரிய புகார் இதுதான். பதினொரு பாடகர்கள், பதினொரு ஊர் வாடை, ஆனால் ஒலி ஒரே அறையின் ஒலி.

ஆள் தேர்வில் மட்டும் முழு மதிப்பெண். க்ரோல் பெயருக்கு ஸ்டேடியம் நிரப்பும் பாடகர்கள் எத்தனை பேரை வேண்டுமானாலும் இழுத்திருக்கலாம். லெம்மியையும் செபல்ச்சுராவில் இருந்த மேக்ஸ் கவலேராவையும் விட்டால், மற்றவர்களை ஃபூ ஃபைட்டர்ஸ் ரசிகர்களில் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். செல்டிக் ஃப்ராஸ்டின் டாம் ஜி. வாரியர் அப்படித்தான் பலருக்கு அறிமுகமானார். வெளியீடும் பெரிய கம்பெனி வழியாக இல்லை. சவுதர்ன் லார்ட் என்ற சின்ன இசை வெளியீட்டு நிறுவனம், டூம் மெட்டலுக்குப் பேர் போனது. அட்டைப்படம் வரைந்தவர் வாய்வாடின் ட்ரம்மர் அவே. நண்பன் வீட்டில் கேசட்டை நகலெடுத்துக் கேட்டு வளர்ந்தவன் செய்கிற தேர்வுகள் இவை.

கடைசிப் பாட்டு ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ கிங் டயமண்டுக்கு. திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி (ரிஃப்) மெதுவாக நகர, அவர் அடித்தொண்டையிலிருந்து அந்தப் புகழ்பெற்ற உச்சக் கீச்சுக்குத் தாவும் இடத்துக்காகவே ஹெட்போனில் ஒருமுறை கேட்கலாம். அந்தக் குரல் பிடிக்காதவர்களை யாரும் மாற்ற முடியாது, அவர்கள் ‘எமரால்ட் லா’வோடு நிறுத்திக்கொள்ளட்டும். மற்றவர்கள் சிடியை உடனே வெளியே எடுக்க வேண்டாம். அது முடிந்த பிறகு பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு ஒளிந்திருக்கிறது: ‘ஐ ஆம் தி வார்லாக்’. பாடுவது நடிகர் ஜாக் ப்ளாக். முழுக் கேலி, தொண்டை கிழியக் கேலி. ஆனால் க்ரோல் ட்ரம்ஸில் மட்டும் கேலி செய்யவில்லை.