பழைய மண்டபத்தில் நகைச்சுவை நாடகம்: வாடகை மேடைப் பலகை தேறுமா?

ஆணி அடிக்கக் கூடாது, தரையில் டேப் ஒட்டக் கூடாது, சுவரில் எதையும் சாய்க்கக் கூடாது. பழம்பெரும் மண்டபங்களில் இந்த மூன்றும் பெரும்பாலும் உண்டு. பார்வையாளர்களுக்கு நடுவே நடிகர்கள் ஓடியாடும் நகைச்சுவை நாடகத்தை அங்கே போடுபவர்கள் வழக்கமாக எடுப்பது, நான்கு கால் வைத்த 2க்கு 1 மீட்டர் அலுமினிய மேடைப் பலகையும் தானாக நிற்கும் கதவுச் சட்டமும் சேர்ந்த வாடகை செட். தூக்க இரண்டு பேர் போதும். பலத்தில் குறையில்லை. சத்தம்தான் வினை.

முதலில் தரை. பலகை சதுர மீட்டருக்கு 750 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால், அது பலகையின் கணக்கு. மண்டபத் தரையின் கணக்கு அல்ல. முழுச் சுமையில் ஒரு காலுக்கு 375 கிலோ வரும். மூடி போட்ட 48.3 மி.மீ. குழாய்க்கால் தரையைத் தொடும் இடம் 18 சதுர செ.மீ.தான், அதாவது சதுர செ.மீ.க்கு 20 கிலோ. அடியில் 30 செ.மீ. சதுரத்தில் 18 மி.மீ. பிளைவுட் வைத்தால் அது அரைக் கிலோவுக்கும் கீழே போய்விடும். நான்கு பலகைகள் கூடும் மூலையில் நான்கு கால்கள் நெருங்கி நிற்கும். அங்கே 60 செ.மீ. துண்டு போடுங்கள். மரத்தரைக்குக் கீழே விட்டங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் இறக்க வேண்டாம். கூட வரும் கறுப்பு ரப்பர் மூடியை மெருகேற்றிய மரத்தில் நேராக வைத்தால், ரப்பரில் உள்ள வேதிப்பொருள் இறங்கிக் கறையாகிவிடும், துடைத்தாலும் போகாது. பிளைவுட்டின் அடியில் கம்பளி ஃபெல்ட் அவசியம்.

பழைய தரை மட்டமாக இருக்காது. நீளம் மாறாத கால் என்றால் பலகை ஆடும். சந்தில் செருகிய மரச்சில்லு ஓட்டத்தில் நகர்ந்து வெளியே வந்துவிடும். அதைப் பிளைவுட்டோடு திருகிவிட வேண்டும். திருகி உயர்த்தும் கால் கிடைத்தால் கூடுதல் வாடகை கொடுத்தாவது எடுங்கள்.

இனி சத்தம். எஜமானர் ஓரமாக நின்று பார்வையாளரிடம் ஒரு வரியை முணுமுணுக்கிறார். அதே நொடியில் வேலைக்காரன் தட்டோடு பின்னால் ஓடுகிறான். வெற்றுப் பலகை தமுக்கு மாதிரி அதிரும், கல்லும் சுதையுமான அறை அதை இழுத்து நீட்டும், வரி போயிற்று, சிரிப்பும் போயிற்று. பலகை மேல் 10 மி.மீ. ஃபெல்ட், அதன் மேல் 9 மி.மீ. பிளைவுட், இணைப்புகள் பலகை இணைப்புக்கு நேராக வராமல் தள்ளி. பலகைக்குப் பலகை நடுவே மெல்லிய ரப்பர் பட்டை, பிறகு கிளாம்ப். பக்கவாட்டைப் பிளைவுட்டால் அடைத்தால் அது மத்தளப்பெட்டி ஆகிவிடும். தீத்தடுப்பு செய்த கனத்த கம்பளித் துணியைத் தொங்கவிடுவதே மேல். அதே துணியை மடிப்பு மடிப்பாகச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளித் தனி ஸ்டாண்டில் தொங்கவிட்டால் எதிரொலியும் குறையும். இந்தச் செலவு வாடகையில் சேராது, பட்ஜெட்டில் தனியாகப் போட்டுவையுங்கள்.

கதவுச் சட்டம் சுமார்தான். நான்கு பக்கமும் ஆள் உட்காரும்போது பின்னால் முட்டுக்கொடுத்துப் பளு வைக்க மறைவிடமே கிடையாது. கூட வரும் 60 செ.மீ. பாதங்கள் நடைபாதையில் காலைத் தட்டும். அவற்றைப் பலகையோடு போல்ட் போட்டு, மேல்விரிப்பு பிளைவுட்டை அந்த அளவுக்கு வெட்டி உள்ளே இறக்கிவிடலாம். காந்தப் பிடிப்பை மட்டும் கழற்றிவிடுங்கள். ஓங்கி அறைந்தால் கதவு திரும்பத் திறந்துகொள்ளும், ஒளிந்தவன் முன்கூட்டியே தெரிந்துவிடுவான். உருண்டைப் பிடிப்பும் (ஸ்பிரிங் தள்ளும் குண்டு குழியில் விழுந்து கதவைப் பிடிப்பது), கதவு முட்டும் விளிம்பில் 3 மி.மீ. ஃபெல்ட்டும் போட்டால் அறையும் சத்தம் கேட்கும், சட்டம் ஆடாது.