பெரிய காஞ்சியா, சின்ன காஞ்சியா? ஒரு நாள் கையில் இருந்தால் எந்தப் பக்கம் போவது

காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் போகிறோம், எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கோயிலைப் பார்க்கப் போகிறீர்களா, சாமியைப் பார்க்கப் போகிறீர்களா? இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். மற்ற ஊர்களில் சரி. காஞ்சியில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறீர்களோ, அதைப் பொறுத்து நீங்கள் ஊரின் மேற்கே போக வேண்டுமா, தென்கிழக்கே போக வேண்டுமா என்பதே மாறிவிடும்.

சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தான். அதனால் எல்லோரும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வருகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காலையில் வேன், காமாட்சி, ஏகாம்பரநாதர், ஓட்டமும் நடையுமாக வரதராஜர், 12 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள், சாப்பாடு, பட்டுக்கடை, திரும்பிவிடுவோம். இருபது வருடம் இதே சுற்றில் போய்வந்த பிறகுதான், நான் காஞ்சியை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று உறைத்தது. இப்போதெல்லாம் ஒரு நாளுக்கு ஒரு காஞ்சி என்று வைத்துக்கொண்டுவிட்டேன்.

பெயரை வைத்து ஏமாற வேண்டாம்

பெரிய காஞ்சிக்கு சிவ காஞ்சி என்றும், சின்ன காஞ்சிக்கு விஷ்ணு காஞ்சி என்றும் பெயர். பேருந்து நிலையம், ராஜ வீதிகள், காமாட்சி, ஏகாம்பரநாதர், கைலாசநாதர் எல்லாம் பெரிய காஞ்சியில். வரதராஜப் பெருமாளும் அவரைச் சுற்றிய சன்னதித் தெருக்களும் சின்ன காஞ்சியில். இடையே நாலு கிலோமீட்டர்கூட இருக்காது.

ஆனால் இந்தப் பாகப்பிரிவினையை ஊரே மதிப்பதில்லை. உலகளந்த பெருமாளும் வைகுண்டப் பெருமாளும் பெரிய காஞ்சியில்தான் இருக்கிறார்கள். உலகளந்த பெருமாள் கோயில் ஒரே வளாகத்துக்குள் நான்கு திவ்ய தேசங்கள். காமாட்சி கோயிலுக்குள் திருக்கள்வனூர், ஏகாம்பரநாதர் கோயிலுக்குள் நிலாத்திங்கள் துண்டம் என்று இன்னும் இரண்டு. அம்மன் கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் ஆழ்வார் பாடிய பெருமாள். எனவே நீங்கள் வைணவர் என்பதற்காக சின்ன காஞ்சி, சைவர் என்பதற்காகப் பெரிய காஞ்சி என்று முடிவு செய்துவிடாதீர்கள். வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது.

கல்லுக்குப் பெரிய காஞ்சி

ஒரே ஒரு கட்டடம் பார்க்க நேரம் என்றால் கைலாசநாதர். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் கட்டியது. கிழக்குப் பார்த்த கோயில். அதனால் காலை வெயிலில் போக வேண்டும். பெரும்பகுதி மணற்கல். அடித்தளத்துக்கு மட்டும் கருங்கல். மணற்கல் என்பதால் ஆயிரத்து முந்நூறு வருட மழையும் வெயிலும் அதைத் தின்றிருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் சுண்ணாம்புச் சாந்து பூசிச் சரிசெய்திருக்கிறார்கள். சில சிங்கங்களின் முகத்தைப் பார்த்தால் பல்லவச் சிற்பி விட்ட இடம் எது, சாந்துக்காரர் தொட்ட இடம் எது என்று தெரிந்துவிடும். முதல் தடவை எனக்கு இது வருத்தமாக இருந்தது. இப்போது அந்த வித்தியாசத்தைத் தேடுவதே பாதி மகிழ்ச்சி.

பிராகாரச் சுவரை ஒட்டி உள்பக்கம் 58 சின்னஞ்சிறு சன்னதிகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்காரும் அளவு. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் குனிந்து பாருங்கள். சிலவற்றில் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. ஒரு சிவப்புக் கோடு, ஒரு மஞ்சள் தோள், பாதி முகம். 1931ல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் இந்த ஓவியங்களை அடையாளம் காட்டும்வரை, பூச்சுக்கு அடியில் இப்படி ஒன்று இருப்பது வெளியுலகத்துக்குத் தெரியாது. கோயில் முழுக்க வண்ணத்தோடு இருந்த நாளைக் கற்பனை செய்துகொள்ள அந்தப் பாதி முகமே போதும்.

முன்மண்டபத் தூணில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவனை வென்று காஞ்சிக்குள் நுழைந்தவன். நுழைந்தவன் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், கைவைக்கவில்லை, கோயிலுக்கே திருப்பித் தந்துவிட்டான் என்று அது சொல்கிறது. பிறகு அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய கோயிலில் கைலாசநாதரின் சாயலைப் பார்க்கலாம். முதலாம் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு இதைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி, அதாவது பெரிய கற்கோயில், என்கிறது. தஞ்சையில் அத்தனை பெரிய கற்றளி எடுத்தவன் காலத்தில் இதைப் பெரிய கற்றளி என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் படித்த நாள் முதல், உயரம் குறைந்த இந்தக் கோயில் என் கண்ணுக்குப் பெரிதாகிவிட்டது.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி உண்டு. தவழ்ந்துதான் போக வேண்டும். போய் வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. முட்டிவலி இருப்பவர்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

இதற்குப் போட்டி என்றால் ஊரிலேயே ஒன்றுதான், ரயில் நிலையம் பக்கம் இருக்கும் வைகுண்டப் பெருமாள். திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடியது. ராஜசிம்மனுக்கு இரண்டு தலைமுறை தள்ளி, இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறை: இருந்த கோலம், கிடந்த கோலம், நின்ற கோலம். ஆனால் இந்தக் கோயிலின் உயிர் சுற்று மண்டபத்தின் சுவரில் இருக்கிறது. சிங்கத் தூண்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பல்லவ வம்சத்தின் கதை. அரசன் வாரிசில்லாமல் இறந்துவிடுகிறான். பெரியவர்கள் கிளை வழியில் வந்த இரணியவர்மனிடம் போகிறார்கள். அவனும் மூத்த பிள்ளைகளும் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுப் பையன் நான் போகிறேன் என்கிறான். அந்தப் பையன்தான் கோயிலைக் கட்டிய நந்திவர்மன். தன் கதையைத் தானே கல்லில் சொல்லிவைத்திருக்கிறான், சில பலகைகளுக்குக் கீழே விளக்கம்கூட எழுதி.

இரண்டையும் வைத்துப் பார்த்தால், கைலாசநாதரில் சும்மா நடந்தாலே மனது நிறைந்துவிடும். வைகுண்டப் பெருமாளுக்குக் கொஞ்சம் படித்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்த பொம்மைகளாகத்தான் தெரியும். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் கைலாசநாதர். வரலாற்றில் ஆசை உள்ள ஒரு நண்பரோடு என்றால் வைகுண்டப் பெருமாள். அங்கே கூட்டமும் குறைவு, ஒரு சுவருக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றாலும் யாரும் நகரச் சொல்லமாட்டார்கள்.

ஏகாம்பரநாதர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1509ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரம் தூரத்திலிருந்தே ஆளை நிறுத்தும். பிருத்வி லிங்கம், மண்ணால் ஆனது என்பதால் லிங்கத்துக்கு நீரால் அபிஷேகம் கிடையாது. தல மரமான மாமரத்தின் பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இங்கே அம்பாளுக்குத் தனிச் சன்னதியைத் தேடாதீர்கள். ஊரின் சிவன் கோயில்கள் எல்லாவற்றுக்கும் காமாட்சிதான் அம்பாள். ஏகாம்பரநாதருக்கும் காமாட்சிக்கும் நடுவில் குமரகோட்டம் முருகன் இருக்கிறார். அப்பா, பிள்ளை, அம்மா. கைலாசநாதர் கருவறைச் சுவரிலும் சின்னச் சன்னதிகளிலும் பல்லவர்கள் திரும்பத் திரும்பச் செதுக்கிய சோமாஸ்கந்தர் உருவம் இதேதான். சிற்பத்தில் பார்த்ததை அப்புறம் தெருவில் நடந்து பார்க்கலாம். பெரிய காஞ்சியில் எனக்கு மிகவும் பிடித்த நடை இது.

சாமிக்குச் சின்ன காஞ்சி

வரதராஜர் கோயிலைக் கலைக்காகவும் பார்க்கலாம். மேற்குக் கோபுரத்தில் நுழைந்ததும் இடப்பக்கம் நூற்றுக்கால் மண்டபம். எண்ணினால் 96 தூண்கள்தான் வரும். குதிரை வீரர்களும் யாளிகளும் பாய்கிற அந்தத் தூண்களையும், மூலையில் ஒரே கல்லில் செதுக்கித் தொங்கவிட்ட சங்கிலியையும் பார்த்தால் விஜயநகரச் சிற்பியின் கை தெரியும். மண்டபத்துக்கு மண்டபம் என்று ஒப்பிட்டால், ஏகாம்பரநாதரின் ஆயிரங்கால் மண்டபத்தைவிட இதற்கே என் ஓட்டு.

ஆனாலும் சின்ன காஞ்சிக்கு நான் மறுபடி மறுபடி போவது கல்லுக்காக இல்லை. அங்கே கோயிலும் தெருவும் இன்னும் ஒரே மூச்சில் இருக்கின்றன. விடியற்காலையில் சன்னதித் தெருவில் நின்றால் கோலம் போடுகிறவர்கள், பிரபந்தம் சேவித்தபடி போகிறவர்கள், பூக்காரர்கள் என்று எல்லோருக்கும் போய்ச் சேர ஒரே இடம்தான். வைகாசி கருட சேவை அன்று அந்தத் தெருவே அலைபோல நகரும். சித்ரா பௌர்ணமிக்கு வரதர் ஐயங்கார்குளத்துக்குப் போய், படியிறங்கிக் கிணற்றுக்குள் இருக்கும் மண்டபத்தில் எழுந்தருளுவார். நடவாவி உற்சவம் என்பார்கள். அந்தக் கிணற்றில் அந்தச் சமயத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

அப்புறம் அத்தி வரதர். நூற்றுக்கால் மண்டபத்துக்கு வடக்கே அனந்தசரஸ் குளம். அதன் நடுவே நாலுகால் மண்டபத்துக்கு அடியில், தண்ணீருக்குள் சயனித்திருக்கிறார். நாற்பது வருடத்துக்கு ஒரு முறை வெளியே வருகிறார். 1979ல் என் அம்மா பார்த்தார். 2019ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காட்சி தந்தபோது, அம்மாவைக் கைப்பிடித்து வரிசையில் நான் நின்றேன். முதலில் கிடந்த கோலம், கடைசி நாட்களில் நின்ற கோலம். இன்றைக்குக் குளத்தில் தண்ணீரும் மண்டபமும் மட்டும்தான் தெரியும். இருந்தாலும் அந்தப் படிக்கட்டில் அம்மா ஒரு கும்பிடு போடாமல் நகரமாட்டார்.

பக்கத்திலேயே சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை அரசன் ஊரைவிட்டு அனுப்ப, ஆழ்வாரும் கிளம்ப, அவர் சொன்னார் என்பதற்காகப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடவே போனார் என்பது கதை. வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புலும் இந்தப் பக்கம்தான். மூன்றையும் நடந்தே பார்க்கலாம். காஞ்சிபுரம் இட்லியையும் இங்கே தேடுங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டு வேகவைப்பது. கோயில் பிரசாதமாகக் கிடைத்தால் அந்த இலை மணம் வேறு எந்த ஓட்டலிலும் வராது.

பட்டு: காந்தி ரோடா, பிள்ளையார்பாளையமா?

புடவை வாங்கியே ஆக வேண்டும் என்றால் காந்தி ரோடு. தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். ஒன்று சொல்கிறேன், எந்தக் கடை என்று நீங்களே முடிவு செய்துவிட்டு வண்டியில் ஏறுங்கள். ஒரு முறை ஆட்டோக்காரர் நாங்கள் சொன்ன இடத்தை விட்டுவிட்டு வேறொரு கடை வாசலில் இறக்கிவிட்டார். அவர் கமிஷனும் சேர்ந்த விலையைத்தான் அங்கே கொடுத்துவிட்டு வந்தோம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பிள்ளையார்பாளையத்தில் நடங்கள். கைலாசநாதருக்குப் பக்கத்திலேயே இருக்கும் நெசவாளர் தெருக்கள் அவை. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருக்கும் புடவையில், மூன்று நாடா (குறுக்கு இழையை ஓட்டும் கருவி) ஓட்டி இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் பின்னிச் சேர்ப்பதற்குக் கோர்வை என்று பெயர். முந்திக்குப் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், பிணைத்து நெய்வதற்குப் பேட்னி என்பார்கள். ஒருவர் நாடா தள்ள, இன்னொருவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொள்ள, தறிக்குழியில் கால் மாறி மாறி மிதிபடுவதைப் பார்த்துவிட்டு வந்தால், கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும். கோர்வையா, கைத்தறியா என்று கடைக்காரரிடம் துணிந்து கேட்கவும் வரும். தயவுசெய்து கேளுங்கள். அந்தத் தெருக்களில் தறிச்சத்தம் நிற்காமல் இருப்பதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

அப்படியானால் ஒரு நாளுக்கு?

கோயிலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையில் கைலாசநாதர், பிள்ளையார்பாளையம், 12 மணிக்கு முன்னால் வைகுண்டப் பெருமாள். மாலையில் ஏகாம்பரநாதரிலிருந்து குமரகோட்டம் வழியாகக் காமாட்சி வரை நடை. சாமியைப் பார்க்கப் போகிறவர்கள் முந்தின இரவே சின்ன காஞ்சியில் தங்கிவிடுங்கள். விடியலில் வரதர், பிறகு நடந்தே தூப்புல் வரை. இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க முயற்சி செய்தால் இரண்டும் போய்விடும். யார் சண்டைக்கு வந்தாலும் இதில் நான் அசையமாட்டேன்.

எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்துக்கொண்டு, வேகவதியைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் போய்வாருங்கள். ஜின காஞ்சி என்று பெயர். வருகிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு மூன்றாவது காஞ்சி இருப்பதே தெரியாது. திரைலோக்கியநாதர் கோயில், மகாவீரருக்கானது. அதன் சங்கீத மண்டபத்தை 1387ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினார். அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க ஓவியம், தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரிசை வரிசையாக. கழுத்து வலிக்கும், தூணில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பாருங்கள். நேமிநாதர் கதை வரும் இடத்தில் கண்ணன் தெரிவான். சமண மரபில் அவர்கள் இருவரும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்.