பீங்கான் ஜாடியும் வேர்க்கும் உப்பும்: ஆறு ஆண்டு அனுபவம்

மதுரையில் வாங்கிவந்த 5 லிட்டர் பீங்கான் ஜாடி ஆறு ஆண்டுகளாக எங்கள் அடுப்படி மூலையில் இருக்கிறது. அடுப்பில் ஏற்றாமல், எண்ணெயோ வினிகரோ சேர்க்காமல், வெறும் உப்புநீரில் காய்களைப் புளிக்கவைக்கவே அதைப் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள். கூடவே கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்றும் வாங்கிவிடுங்கள். கடலோரத்தில் அது இல்லாமல் இந்த வேலை கைகூடாது.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கு மேற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். வாலிநோக்கம் உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் கையளவாகத்தான் போட்டேன். கோடையில் நன்றாக வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் போட்டதெல்லாம் கொழகொழத்து நாறியது. ஜாடியைத்தான் சந்தேகப்பட்டேன். ஒருநாள் அத்தை உப்புப் பானைக்குள் கையை விட்டு, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். ஈரம் மின்னியது. “உப்பு வேர்த்திருக்கிறதம்மா. பாதி தண்ணீரைத்தானே அள்ளிப் போடுகிறாய்?” என்றார்.

காரணம் அதுதான். சுத்திகரிக்காத கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலக் கைப்பிடியில் உப்பு குறைவு, நீர் அதிகம். எடை போட்டாலும் அந்த ஈரம் ஏமாற்றும். அதனால் இப்போது வெயிலில் காயவைத்து, வெயில் இல்லாத நாளில் வெறும் சட்டியில் லேசாக வறுத்து, ஆறிய பிறகே நிறுக்கிறேன். காயும் தண்ணீரும் சேர்ந்து 1 கிலோ என்றால் உப்பு 30 கிராம், சித்திரை வைகாசியில் 40 கிராம். காயின் தோலிலேயே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இந்த உப்பைத் தாங்கிக்கொண்டு காயின் சர்க்கரையைப் புளிப்பாக்குகின்றன. அழுகச்செய்யும் கிருமிகளில் பெரும்பாலானவை அந்த உப்பிலும் புளிப்பிலும் தலையெடுப்பதில்லை. குளிர்நாடுகளில் முட்டைக்கோஸை 20 டிகிரி அளவிலான குளுமையில் 2 முதல் 2.5 சதவீத உப்போடு வாரக்கணக்கில் வைக்கிறார்கள். நம் வெயிலுக்கு அது போதாது. மூன்றே நாளில் புளித்து, ஐந்தாம் நாள் காய் துவண்டுவிடும். உப்பைக் கொஞ்சம் கூட்டினால் ஓட்டம் நிதானப்படுகிறது.

கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால் கணக்குக் கெடும், தொடவே வேண்டாம். குழாய் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் குளோரின் போய்விடும்.

இன்னொரு தவறு, எல்லோருக்கும் சொல்லவேண்டியது. காய் மிதந்தால் காற்றுப்பட்டுக் கெடும். மேலே கனம் வைக்கவேண்டும். இடித்த பழைய சுவர் ஒன்றிலிருந்து கிடைத்த முருகைக்கல்லை, அதாவது கடல் பவளப்பாறைக் கல்லை, தேய்த்துக் கழுவி வைத்தேன். குமிழிகள் பொங்கிப் பொங்கி வந்தன. நன்றாகப் புளிக்கிறது என்று மகிழ்ந்தேன். ஐந்தாம் நாள் நாவில் புளிப்பே இல்லை; சுண்ணாம்பு ருசி. கல்லை எடுத்தால் அதன் மேல்பரப்பு நகத்துக்கு மாவாக உதிர்ந்தது. முருகைக்கல் சுண்ணாம்புதானே, ஊறிவந்த அமிலத்தையெல்லாம் அது தின்றிருக்கிறது. காயைப் பாதுகாப்பதே அந்த அமிலம் என்பதால் ஜாடி முழுவதையும் கொட்டினேன். இப்போது உள்ளே ஒரு பீங்கான் தட்டு, அதன்மேல் கருங்கல் துண்டு. எந்தக் கல்லானாலும் முதலில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் ஆகாது.

முள்ளங்கியும் கேரட்டும் ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. பிஞ்சு வெள்ளரி நன்று, பூ இருந்த நுனியைச் சீவிவிட்டால் மொறுமொறுப்பு நிற்கும். கத்தரி எனக்கு வசப்படவில்லை. எங்கள் வீட்டில் கொண்டாட்டம் உருண்டையான முண்டு மிளகாய்க்குத்தான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிளகாயை வற்றலாகவே ஊருக்குத் தெரியும். தை, மாசியில் விவசாயிகளிடம் சொல்லிவைத்துப் பச்சையாக வாங்குவேன். உருண்டைக்குள் காற்று நிற்பதால் அப்படியே போட்டால் பந்துபோல மிதக்கும். காம்படியில் கோணி ஊசியால் இரண்டு குத்து. அழுத்தினால் சிறு குமிழியாகக் காற்று வெளியேறி, மிளகாய் மெல்ல அடியில் இறங்கும். பத்து நாளில் காரம் தணிந்து புளிப்பு ஏறும். பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும் தூக்குவாளியை நான் வெறுமையாகத் திருப்புவதில்லை; இந்த மிளகாயும் முள்ளங்கியும்தான் அதில் போகும்.

ஜாடியின் குறைகளையும் சொல்லவேண்டும். மூடி இறுகாது, துணியால் வேடு கட்டினாலும் மழைநாளில் வெள்ளை ஏடு படியும். அது ஈஸ்ட், மரக்கரண்டியால் வழித்துவிட்டுத் தொடரலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் பூசணம் பூத்தால் முழுவதையும் கொட்டவேண்டும், மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிடக்கூடாது. நிறைந்த ஜாடியை ஒரு ஆள் தூக்குவது சிரமம். நான்காம் ஆண்டில் விளிம்பில் சிறிது பெயர்ந்தது. உள்பக்க மெருகு இன்னும் பழுதில்லை. ஒவ்வொரு முறை கழுவியபின் உள்ளே விரலை ஓட்டிப் பார்க்கிறேன். மயிரிழை விரிசல் தட்டுப்பட்டால் அன்றே அரிசி போட எடுத்துவைத்துவிட்டு, இதே அளவில் வேறொன்று வாங்குவேன்.