காபனையும் செடி உரத்தையும் ஒரே பையில் தந்தால் வாங்காதீர்கள்

நாலு மாதமாக என் மீன்தொட்டியில் நடந்ததை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் செடி வளர்க்கும் மீன்தொட்டி வைக்கத் தொடங்குகிற யாரும் என்னைப்போல் காசைக் கொட்டக்கூடாது. கடையின் பெயரைப் போடவில்லை. நடந்த விதம் தெரிந்தால் போதும்.

இரண்டரை அடித் தொட்டி. பின்பக்கம் லட்விஜியா, ரொட்டாலா என்ற நீர்ச்செடிகள், முன்பக்கம் கிரிப்டோகோரைன் வெண்டி. வெண்டி இலங்கைக்கே உரிய செடி, அதனால் அதில் எனக்குத் தனிப் பிரியம். நகரத்துக் கடையில் பில்டருக்குள் போட ஒரு பக்கற் காபனையும் (தண்ணீரைத் தெளிய வைக்கிற கரி) செடிக்கு ஒரு போத்தல் திரவ உரத்தையும் ஒரே பையில் போட்டுத் தந்தார்கள். “தம்பி, தண்ணி தெளிவா நிக்கோணுமெண்டால் காபன் கட்டாயம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா மாத்துங்கோ. உரத்தைக் கிழமைக்கு ரெண்டு தரம் விடுங்கோ” என்றார் கடைக்காரர். வயதில் மூத்தவர், பல வருடமாக இதே தொழில். நம்பினேன்.

ஒரு மாதம் ஆகமுன்னமே லட்விஜியாவின் நுனி இலைகள் வெளிறிவிட்டன. நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள். படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். “உரம் காணாது, இரட்டிப்பா விடுங்கோ” என்று இன்னொரு போத்தல் தந்தார். காபன் மாற்றும் நாளும் வந்துவிட்டதாம், அதிலும் ஒரு பக்கற். அடுத்த மாதமும் இதே கதைதான். செடி வெளிற வெளிற நான் உரத்தைக் கூட்டினேன். கண்ணாடியில் பாசி பிடித்தது, அதற்கும் ஒரு மருந்து விற்றார். எல்லாமாக 11,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

எனக்கு முதலில் சந்தேகம் தந்தது வெண்டிதான். மற்றதெல்லாம் சோர்ந்து கிடக்க அது மட்டும் பச்சையாக நின்றது. அது பெரும்பாலும் வேரால் மண்ணிலிருந்து சாப்பிடுகிற செடி. தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிற செடிகள்தான் பட்டினி கிடந்தன. அப்படியென்றால் நான் ஊற்றுகிற உரம் தண்ணீரில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். பில்டர் காபன் என்பது சிரட்டைக்கரி போன்ற கரியை மிகக் கடும் சூட்டில் பக்குவப்படுத்தி, உள்ளே கணக்கில்லாத நுண்துளைகளைத் திறந்து செய்வது. ஒரு கிராமுக்குள் பல நூறு சதுர மீற்றர் உட்பரப்பு இருக்கும். நிறம், மணம், மருந்து மிச்சம் போன்ற கரிமப் பொருள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கப் புது இலை வெளிறுவது இரும்புக் குறையின் அடையாளம். செடி உரத்தில் அந்த இரும்பைச் சும்மா விடமாட்டார்கள். விட்டால் துருவாகப் படிந்துபோகும். அதனால் ஒரு கரிமச் சேர்மத்தோடு கட்டி வைத்திருப்பார்கள். காபன் அந்தச் சேர்மத்தைப் பிடிக்கும்போது இரும்பிலும் ஒரு பங்கு அதோடு போய்விடும். அப்படிக் கட்டி வைத்த மற்ற நுண்சத்துகளுக்கும் இதே கதிதான். நைத்திரேற்று, பொற்றாசியம் போன்ற சத்துகளை அது பெரிதாகத் தொடாது. காபன் சில கிழமையில் நிரம்பி ஓய்ந்துவிடும். ஆனால் நான்தான் ஓயமுன்னமே புதுசு புதுசாக மாற்றிக்கொண்டிருந்தேனே!

எல்லாப் பழியையும் காபன் மேல் போடவும் முடியாது. எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிறது, தண்ணீர் கடினம், பீஎச் 7க்கு மேல். போத்தலில் இருந்ததோ ஈடிடிஏ என்ற சேர்மத்தோடு கட்டிய இரும்பு. பீஎச் ஏறும்போது அந்தக் கட்டு தளர்ந்துவிடும். இந்தத் தண்ணீருக்கு டிடிபிஏ என்ற இன்னொரு சேர்மத்தோடு கட்டியது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதோடு வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூட என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் வீடும் உரும்பிராயில் தோட்டங்களுக்கு நடுவில்தான். அதற்கு மேல் நைத்திரேற்றுக் கலந்த உரத்தை இரட்டிப்பாக ஊற்றியிருக்கிறேன். பாசிக்கும் அது தீனிதான். கடைக்காரரும் இதே மண்ணில்தான் இருக்கிறார். எந்தத் தண்ணீர் என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை.

இனி, என்னால் பொறுக்க முடியாமல் போனதைச் சொல்கிறேன். உரப் போத்தலில் விலை ஸ்டிக்கரை நனைத்து உரித்துப் பார்த்தேன். அதன் கீழே, உரம் விடும் காலத்தில் காபனை எடுத்துவிடும்படி ஆங்கிலத்தில் ஒரு வரி! மற்றப் போத்தலிலும் ஸ்டிக்கர் அதே இடத்தில்தான் இருந்தது. வேண்டுமென்று ஒட்டினார்களா என்று நான் சொல்லவில்லை. ஆனால் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டி “அண்ணை, இதை ஏன் முதலே சொல்லேல்லை?” என்று கேட்டபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “எல்லாரும் ரெண்டும் போடுறவைதானே” என்றார். பிரிக்காத இரண்டு பக்கற்றையாவது திருப்பி எடுங்கோ என்றேன். பில் இருக்கா என்றார். ஒருநாளும் பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

காபனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பஞ்சும் செராமிக் வளையமும் வைத்தேன். பாதித் தண்ணீரை மாற்றி, டிடிபிஏ இரும்பும் நுண்சத்தும் உள்ள, நைத்திரேற்று இல்லாத உரத்தை மட்டும் சின்ன அளவில் விட்டேன். மூன்றாம் கிழமையில் லட்விஜியாவின் புது நுனி பச்சையாக வந்தது. பழைய இலைகளைப் பார்த்து மனம் சோராதீர்கள், தேறுகிறதா என்பதைப் புது இலைதான் காட்டும்.

காபன் கெட்ட பொருள் இல்லை. மீனுக்கு மருந்து போட்டு முடித்த பிறகு மிச்சத்தை எடுக்கவும், மரக்கட்டை விடுகிற தேயிலைச் சாய நிறத்தைப் போக்கவும் அதைப்போல் இன்னொன்று இல்லை. ஒரு கிழமை போடுங்கள், வேலை முடிந்ததும் எடுங்கள், பிறகு உரத்தைத் தொடங்குங்கள். பழைய காபனை அவித்து வெயிலில் காயவைத்தால் புதுசாகும் என்றும் அதே கடையில் சொன்னார்கள். நம்பாதீர்கள், அதற்கு வேண்டிய சூடு வீட்டு அடுப்பில் வராது. உரம் வாங்கும்போது ஸ்டிக்கரை உரித்து முழு லேபிளையும் வாசியுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த இரண்டு பக்கற்றும் பிரிக்காமல் என்னிடம் கிடக்கிறது. மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து போட்டு முடித்து, தொட்டியைச் சுத்தமாக்க நிற்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காசு வேண்டாம்.